கோத்தகிரித் தாய் ஒருவருக்கு: மகளின் இலக்கு நாட்காட்டியில் ஏறட்டும்

அன்புள்ள அம்மா,

தாவரவியலில் பட்டம் பெற்ற உங்கள் மகள் வனக்காப்பாளர் பணிக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஓராண்டு ஆகியும் புத்தகத்தை ஒழுங்காகத் திறக்கவில்லை என்றும், கேட்டால் "அடுத்த வாரத்திலிருந்து" என்கிறார் என்றும், இது சோம்பலா அல்லது விருப்பமே இல்லையா என்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்தவரையில் இரண்டுமே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கோத்தகிரியிலிருந்து ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கு மூன்று ஆண்டுகள் பனியிலும் மழையிலும் பேருந்தில் போய்வந்து பட்டம் முடித்த பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. கல்லூரி இருந்தவரை எப்போது, எங்கே, எதைப் படிப்பது என்பதைக் கால அட்டவணை முடிவு செய்தது. இப்போது அந்த முடிவை அவரே ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. இருபது வயதைக் கடந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் இதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். "இதை அடைய வேண்டும்" என்ற எண்ணம் ஒன்று. "இன்ன நேரம் வந்தால், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்" என்ற தீர்மானம் வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வகைத் தீர்மானத்தைச் செய்துகொண்டவர்கள் இலக்கை எட்டுவதில் தெளிவாகவே முன்னேறியிருந்தார்கள். நேரமும் இடமும் முன்பே முடிவாகிவிட்டால், அந்த வேளை வந்ததும் மனம் மறுபடி வாதாட வேண்டியதில்லை என்பதே இதற்குக் காரணம். உங்கள் மகளிடம் முதல் வகை எண்ணம் நிறைய இருக்கிறது. இரண்டாவது இன்னும் எழுதப்படவில்லை.

எதை எழுதுவது என்பதைத் தேர்வே சொல்லிவிடுகிறது. வனக்காப்பாளர் பணியிடங்கள் 2024 முதல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலேயே சேர்க்கப்பட்டுள்ளன. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 வினாக்கள், அதாவது 150 மதிப்பெண்கள், தமிழுக்கு உரியவை. அந்தப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காதவருடைய மற்ற விடைகள் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே பொது அறிவுப் புத்தகங்களை வாங்கி அடுக்குவதற்கு முன், ஆறாம் வகுப்பு முதலான பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் தொடங்கட்டும். உயரம், வயது, கல்வித் தகுதி ஆகியவற்றுக்கான வரையறைகளை அண்மைய அறிவிக்கையில் இந்த வாரமே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வனக்காப்பாளர் பணிக்கு எழுத்துத் தேர்வோடு உடல்திறன் சோதனையும் உண்டு: பெண்கள் 16 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் என்ற வேகத்தைக் கடைசிவரை விடாமல் நடப்பதற்குப் பல மாதப் பயிற்சி தேவை. யூடியூபில் வகுப்பெடுப்பவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடச் சொல்வார்கள். கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கும் வேளை அது. கோத்தகிரிப் பக்கம் அந்த அறிவுரையை ஏற்கவே கூடாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆள் நடமாட்டம் உள்ள சாலையில், வாரத்தில் மூன்று நாட்கள் துணையோடு நடக்கட்டும். ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, உடல் பழகப் பழகத் தொலைவைக் கூட்டினால் போதும்.

நம் மலையில் எந்தத் திட்டமும் தடைபடும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு எழுத வேண்டும். பசுந்தேயிலை பறிக்கும் நாட்களில் ஆள் கிடைக்காமல் மகளைத் தோட்டத்துக்கு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, குடும்பத்தின் பிழைப்பு அது. ஆனால் அந்த நாளுக்கும் ஒரு வரி இருக்கட்டும்: "இலை பறிக்கும் நாளானால், இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரம் இலக்கணம் மட்டும்." ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து பேருந்து நின்றால் நூலகத்துக்குப் பதிலாக வீட்டில் பழைய வினாத்தாள் ஒன்று. மின்சாரம் போனால் அச்சிட்ட பாடநூல். இப்படி எழுதி வைத்திருந்தால், ஒரு நாள் தவறியது ஒரு மாதம் தவறியதாக வளராது.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. மகள் வனத்துறைக்குப் போகப் போகிறாள் என்று உறவினர்களிடம் இப்போதைக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தாங்கள் யாராக ஆகப் போகிறோம் என்ற எண்ணத்தைப் பிறர் அறிந்து பாராட்டிவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்துபோகக்கூடும் என்பதைக் கோல்விட்சர் குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது: திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் "தேர்வு என்ன ஆயிற்று?" என்ற கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் அறைக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது வேண்டுகோள்தான் முக்கியம். அவர் தேர்ந்தெடுக்கும் நேரத்தை நீங்கள் காவல் காக்க வேண்டும். மாலை ஆறிலிருந்து எட்டு என்று அவர் முடிவு செய்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் கடைக்குப் போ, விருந்தாளிக்குத் தேநீர் போடு என்று அழைப்பு வரக்கூடாது. அந்த வேலைகளை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளும் செய்யலாம். தினமும் "படித்தாயா?" என்று கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மட்டும் "இந்த வாரம் எந்த நேரம் தடைபட்டது, எதை மாற்றலாம்?" என்று உட்கார்ந்து பேசுங்கள். நேரத்தை நீங்கள் வகுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தானே தேர்ந்த நேரத்தைத்தான் அந்த வயதில் மனம் மதிக்கிறது.

முதுநிலைப் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஊட்டியிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி அளிக்கிறார்கள். அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று நேரில் விசாரித்துப் பெயர் பதியச் சொல்லுங்கள். அதற்கு முன், வரும் ஏழு நாட்களுக்கு மட்டும், எந்த நேரம், எந்த இடம், எந்தப் பாடம், தடை வந்தால் என்ன என்பதை அவர் தம் கையால் ஒரு தாளில் எழுதட்டும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது, அடித்தல் திருத்தல்களோடு அந்தத் தாளை அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள். அதை வைத்து அடுத்த மாதத்தைத் திட்டமிடுவோம்.