பாயைச் சுருட்டுவதற்கு முன்

ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். வயது 41. வீடு காட்பாடி பக்கம். காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் சமையல், பையனுக்கு டிபன் பாக்ஸ், மாமியாருக்கு மாத்திரை எல்லாம் முடியவேண்டும். போன கார்த்திகையில் சோளிங்கர் பெரிய மலை ஏறி இறங்கினேன். அப்புறம் இரண்டு நாள் காலை மடக்க முடியவில்லை. அதனால்தான் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் யோகா கற்றுக்கொண்டேன். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாமல் செய்தால் படிந்துவிடும் என்றார்கள். முதல் முறை 19ஆம் நாள் மாதவிலக்கில் நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன், பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது முறை சித்திரை வெயில். தினமும் ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்? இதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்குத்தானா?

க., காட்பாடி

அன்புள்ள க.,

முதலில் அந்த 48ஐ விட்டுவிடுங்கள். விரதத்துக்கும் சித்த மருந்துக்கும் மண்டலக் கணக்கு சரி. தினசரிப் பழக்கத்துக்கு அது ஒத்துவருவதில்லை. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஆளுக்கு ஒரு சின்னப் புதுப் பழக்கம், அதைத் தினமும் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்பதுபோல ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு சேர்த்துச் செய்யவேண்டும். யோசிக்காமலே செய்கிற நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளில் வந்தது, இன்னொருவருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. உங்கள் 19 நாளும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே இடைவிடாமல் என்று சொல்லியிருக்கிறாரே என்று யாராவது கேட்பார்கள். அதே சூத்திரத்தில் அதற்கு முன்னால் அவர் வைத்திருக்கும் சொல் ‘நெடுங்காலம்’.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சத்துவாச்சாரியில் இருந்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரம் கூடவே இருந்ததில் அது நின்றது. அவர் வீடு திரும்பியபிறகும் இரண்டு வருடம் நான் பாய் விரிக்கவில்லை. அந்த முழு ஒரு மணி நேரமும் திரும்பக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன், அது கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு மார்கழிக் காலையில், படுத்திருந்த பாயிலேயே நாலு ஆசனம் செய்துவிட்டு எழுந்தேன். அன்றைக்குப் பிடித்ததுதான் இன்றுவரை நிற்கிறது.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பாயைச் சுருட்டுவதற்கு முன் பத்து நிமிடம். வயிறு காலியாக இருக்கும், தனி இடம் தேட வேண்டாம், பாயை எப்படியும் தினமும் சுருட்டத்தான் போகிறீர்கள்.

என்ன செய்வது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் இடைவட்டுகள் (டிஸ்க்) நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த உடனே ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். அதனால் நின்று குனிந்து பாதத்தைத் தொடுகிற பாதஹஸ்தாசனம், உட்கார்ந்து கால் நீட்டிக் குனிகிற பச்சிமோத்தாசனம் இரண்டையும் காலையில் செய்யாதீர்கள். படுத்தபடியே ஒவ்வொரு முழங்காலாக வயிற்றோடு அணையுங்கள். தவழ்கிற நிலையில் பூனைபோல முதுகை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பிறகு குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல மார்பை உயர்த்துகிற புஜங்காசனம். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்து தோளும் கழுத்தும் முன்னால் வந்துவிடுகிற உங்களுக்கு, மார்பைத் திறந்து பின்னால் வளைகிற இந்த ஒன்று மிக முக்கியம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்து மூச்சு. நின்று செய்பவற்றுக்குப் பாயை விட்டு வெறுந்தரைக்கு வந்துவிடுங்கள், கோரைப்பாய் மொசைக்கில் வழுக்கும்.

மாதவிலக்கு நாளில் முடியவில்லை என்றால் அந்தப் பத்து மூச்சோடு பாயைச் சுருட்டுங்கள். அன்றைக்கும் செய்ததாகத்தான் அர்த்தம். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மாடித் தளம் விடியும்வரை சூடு விடாது. அந்த நாட்களில் கீழே ஃபேன் அடியில் படுங்கள், சூரிய நமஸ்காரத்தைக் குறையுங்கள், மல்லாந்து அசையாமல் படுக்கிற சவாசனத்தை நீட்டுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவோடு இருக்கட்டும். அவர் சொல்லித் தந்தது வீண் போகக் கூடாது.

சோளிங்கர் வலிக்கு வருகிறேன். யோக நரசிம்மரைப் பார்க்க 1305 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் வலி பெரும்பாலும் இறங்குவதால் வருவது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அந்த வலி இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இதற்கு உத்கடாசனம், நாற்காலியில் உட்காருவதுபோல. குக்கர் விசிலுக்குக் காத்து நிற்கிறீர்கள் அல்லவா, அப்போது சுவரில் முதுகைச் சாய்த்து மெதுவாகப் பாதிவரை இறங்கி ஏறுங்கள். ஐந்து முறை போதும். வலி தொடையில் இல்லாமல் மூட்டுக்குள்ளேயே இருந்தால், இதைத் தொடங்கும் முன் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது அங்கே ரோப் கார் இருக்கிறது. வருகிற கார்த்திகையில் மாமியாரை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் படியில் போங்கள். இறங்கிய இரண்டாம் நாள் கால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.