பூச்சிமருந்து இருக்கட்டும், சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், அமெரிக்காவிலிருந்து வந்த என் நாத்தனார் உடம்பைச் சுத்தம் செய்யும் மூலிகை கேப்ஸ்யூல் வாங்கிவந்து கொடுத்தார். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், கார்சீனியா, மஞ்சள், மிளகு என்று டப்பாவில் போட்டிருக்கிறது. 2 மாதமாகச் சாப்பிடுகிறேன், எடையும் குறைந்தது. இப்படி வருகிற மூலிகைகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. என் அக்கா புற்றுநோயில்தான் இறந்தார். உள்ளே தேங்கிய விஷத்தை வெளியேற்ற 15 நாளாக ஒரு டீடாக்ஸ் டீயும் குடிக்கிறேன். இரவில் பாதத்தில் ஒட்டும் பட்டை காலையில் கறுத்துப்போகிறது. முடி கொட்டுகிறது. நகத்தில் வெள்ளைப் புள்ளி. வயிறு உப்புசம். முடியைக் கொடுத்து விஷப் பரிசோதனை செய்யலாமா? இப்போது ஒரு வாரமாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, இரவில் உடம்பெல்லாம் அரிப்பு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் தேயிலைத் தண்ணி நிறத்தில் போகிறது. விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நாத்தனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் புற்றுநோய் வருமா?
வாசகி, வயது 44, திருப்பூர்

பதில்: கேப்ஸ்யூல், டீ இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். நாளை காலை பக்கத்து லேப்பில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அன்றைக்கே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். உங்களுக்குத் தனியாகவும் இதை எழுதிவிட்டேன். இங்கே வெளியிடுவது, இதே டப்பாவை வீட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக.

நீங்கள் பயப்படுவது பூச்சிமருந்துக்கு. எனக்குக் கவலை தந்தது, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிற மூன்று விஷயங்கள்: சாப்பாடு பிடிக்கவில்லை, அரிப்பு, தேயிலைத் தண்ணி நிறச் சிறுநீர். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் கல்லீரல் அடிபட்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்.

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரல் செல்கள் வீங்கினாலோ பித்தம் போகும் வழி அடைபட்டாலோ, அந்த நிறமி ரத்தத்துக்கே திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. சிறுநீர் பழுப்பாவது இதனால்தான். கண் மஞ்சளாவதற்குச் சில நாட்கள் முன்பே இது தெரியத் தொடங்கலாம். அந்தச் சில நாட்கள் மிகவும் மதிப்புள்ளவை.

வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். ஆனால் இரண்டு செம்பு தண்ணீர் உள்ளே போனதும் தெளிந்துவிடும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பளிச்சென்ற மஞ்சளாக்கும், அதில் பழுப்பு இருக்காது. நீங்கள் குடிக்கிற டீயில் நிலாவாரை என்ற பேதி மூலிகை இருந்தால் அதுவும் நிறத்தை மாற்றக்கூடும். அதுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் விட்டுவிடத் தயாரில்லை, ஏனென்றால் நிலாவாரை உடம்பெல்லாம் அரிப்பைத் தராது. நாளை காலை ஜன்னல் பக்கம் நின்று, பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை விழியை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் லேசான மஞ்சள் தெரியாது. மலம் வெளிறிப்போகிறதா என்றும் கவனியுங்கள்.

“விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னவர் மீது எனக்கு வருகிற கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்த வியாபாரத்தில் பூச்சிமருந்தைவிட ஆபத்தானது அந்த ஒரு வாக்கியம். வாந்தியா, பேதியா, சோர்வா, அரிப்பா, எல்லாமே மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாம். உடம்பு கத்திச் சொல்லும் எச்சரிக்கையையே பொருளுக்கு நற்சான்றாக மாற்றிவிடுகிறார்கள். நிறுத்தவேண்டிய ஆள் அதை நம்பி, இன்னும் ஒரு வேளை கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்.

கல்லீரலைத் தாக்கியது எது? டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பொருட்களேதான் என்பது என் சந்தேகம். கிரீன் டீயை டீயாகக் குடிப்பவர்களுக்கு இ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருள் நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் வரை கிடைக்கிறது. அதில் பிரச்சினை இல்லை. அதையே சாறாக இறுக்கி, நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ கேப்ஸ்யூலில் கொடுத்தால், கல்லீரல் அடிபடுவதைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் அறிவித்தது. கார்சீனியா என்று எழுதியிருப்பது நம்ம குடம்புளிதான். மீன் குழம்பில் இரண்டு சுளை போட்டால் அது உணவு. அதன் அமிலத்தை மட்டும் பிரித்துக் கேப்ஸ்யூலில் அடைத்தபின், கல்லீரல் பாதிப்புக்காக அமெரிக்காவிலேயே பலர் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். மஞ்சளும் அப்படித்தான். சமையலில் போடுகிற சிட்டிகை மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மஞ்சள் கேப்ஸ்யூலில் மிளகுச் சத்தைச் சேர்ப்பதே, உடம்பு ஏற்காமல் தள்ளுகிற குர்குமின் என்ற மஞ்சள் சத்தை வலிந்து உள்ளே ஏற்றுவதற்காக. 2019-ல் இத்தாலியில் இத்தகைய மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு வரிசையாகக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

நாத்தனாருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், இந்தப் பாதிப்பு எல்லாருக்கும் வருவதில்லை. கிரீன் டீ சாற்றாலும் மஞ்சள் கேப்ஸ்யூலாலும் கல்லீரல் அடிபட்டவர்களில் நோய் எதிர்ப்பு தொடர்பான எச்.எல்.ஏ. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை வழக்கத்தைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. அவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் விற்றால் சோதித்துத்தான் விற்பார்கள் என்று அவர் நம்பியிருந்தால், அது சரியில்லை. 1994-ல் அங்கே வந்த சட்டப்படி இத்தகைய பொருட்களை விற்பதற்கு முன்பு அவை பாதுகாப்பானவை என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. சூட்கேஸில் வந்ததால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கண்ணிலும் அது படவில்லை.

சரி, பூச்சிமருந்துக்கு வருவோம். எச்சம் இருப்பது கட்டுக்கதை இல்லை. ஜின்செங் வேரை நிழலில் பல ஆண்டுகள் வளர்க்கவேண்டும். அதைப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் குவின்டோசீன் போன்ற மருந்துகளை அடிக்கிறார்கள், அதன் எச்சத்துக்காக அமெரிக்கா ஜின்செங் சரக்குகளைத் தடுத்து வைத்திருக்கிறது. 2013-ல் கிரீன்பீஸ் அமைப்பு சீனாவில் வாங்கிய 65 மூலிகை மாதிரிகளில் 48-ல் எச்சம் இருந்தது. நாமும் விலக்கில்லை. 2020-ல் நம் எள்ளிலும், 2024-ல் ஹாங்காங், சிங்கப்பூர் போன மசாலாப் பொடிகளிலும் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வாயுவின் எச்சம் இருந்தது என்று விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். விவசாயிகளும் வணிகர்களும் அரசும் சரிசெய்ய வேண்டிய விஷயம் இது, சரிசெய்தே ஆகவேண்டும்.

ஆனால் உங்கள் உடம்புக்குள் போன அளவு என்ன? ஐரோப்பாவில் தனி வரம்பு குறிப்பிடாத பூச்சிமருந்துகளுக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல 10 மடங்கு இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அரை கிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் இருப்பது ஒரு மில்லிகிராமின் 20,000-ல் ஒரு பங்கு. தினமும் நாம் தட்டில் போட்டுக்கொள்ளும் கால் கிலோ காய்கறி வழியாக இதைவிட அதிகம் போக வாய்ப்பு உண்டு. பூச்சிமருந்தால் நிஜமாகவே விஷமேறுவது தெளிப்பவர்களுக்கு. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017-ல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். முகமூடி, கையுறை இல்லாமல் கைத்தெளிப்பான் சுமக்கிற அந்த மனிதர்களைப் பற்றித்தான் நாம் தூக்கம் கெட்டு யோசிக்கவேண்டும். இரண்டு மாதக் கேப்ஸ்யூலில் இருந்த எச்சத்தால் உங்களுக்குப் புற்றுநோய் வராது. அக்காவை இழந்த துக்கம் இந்தப் பயத்துக்குள் இருப்பது புரிகிறது. அவருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்பதை நாளை பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்பகம், கருப்பை வாய் பரிசோதனை உங்களுக்கு எப்போது தேவை என்று அவர் சொல்வார். அக்காவின் நோய் தொடர்பாக நீங்கள் செய்யவேண்டியது அதுதான்.

உள்ளே தேங்கியதை வெளியேற்றுவது பற்றி: இன்று புழக்கத்திலிருக்கும் பெரும்பாலான பூச்சிமருந்துகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் சில நாட்களில் உடைத்து வெளியே தள்ளிவிடும். டி.டி.டி. போன்ற பழைய மருந்துகள் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கும், நம் தலைமுறையில் அது கொஞ்சமும் இல்லாத ஆளைக் காண்பது கடினம். அதை இழுத்து வெளியே கொண்டுவரும் டீ உலகத்தில் இல்லை. டீடாக்ஸ் டீக்களில் பெரும்பாலும் இருப்பது நிலாவாரை இலை. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைகிற, உலகச் சந்தையில் டின்னவேலி சென்னா என்று பெயர் பெற்ற பேதி மருந்து அது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்தால் நல்ல மருந்து. நாள்கணக்கில் குடித்தால் தண்ணீரும் பொட்டாசியமும் போய்க் கை கால் துவளும், இதயத் துடிப்பு தடுமாறும். எடை குறைந்ததில் ஒரு பகுதி இந்தத் தண்ணீர்தான். உப்புசத்துக்கும் இந்த டீ காரணமாக இருக்கலாம்.

மூலிகையால் புற்றுநோய் வந்த கதையும் உண்டு, அதிலும் குற்றவாளி பூச்சிமருந்து இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக்குறைப்புக்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா என்ற வேறொரு செடி கலந்திருந்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனம்தான், அதை யார் கொடுத்தாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

மற்றவை சீக்கிரமாக. பாதப் பட்டை கறுப்பது அதிலிருக்கும் மரவினிகர்ப் பொடி ஈரம் பட்டதும் நிறம் மாறுவதால். சுத்தமான தண்ணீர் தெளித்தாலும் கறுக்கும். நகத்தில் வெள்ளைப் புள்ளி எங்கோ இடித்துக்கொண்டதன் தடம். வேகமாக எடை குறைத்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், பிறகு முளைக்கும். முடியைக் கொடுத்து விஷப் பரிசோதனை வேண்டாம், காசுக்குக் கேடு. ஈயம், பாதரசம் பற்றி நியாயமான சந்தேகம் இருந்தால், உதாரணமாகப் பற்பம், செந்தூரம் போன்றவை சாப்பிட்டிருந்தால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-ல் கன உலோகம் இருந்தது, ஆகவே அந்தச் சந்தேகம் வீண் அல்ல. உங்கள் கடிதத்தில் அதற்கான காரணம் எதுவும் தெரியவில்லை.

நாளை லேப்பில் எல்.எஃப்.டி. (கல்லீரல் பரிசோதனை), பி.டி. ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) கேளுங்கள். மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ, அப்புறம் வயிற்று ஸ்கேன், இவற்றை மருத்துவர் எழுதித் தருவார். பித்தப்பைக் கல்லும் இதே அறிகுறிகளைக் காட்டும், எல்லாப் பழியையும் டப்பா மீது போட்டுவிட்டு அதைத் தவறவிடக் கூடாது. டப்பாவையும் டீ பாக்கெட்டையும் எறியாதீர்கள், கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. எடை குறைப்பதற்கென்று விற்ற சில மூலிகைப் பொருட்களில், ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய, இந்தியாவில் 2011-ல் தடைசெய்த சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்தார்கள், எனவே ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தாலும் பிலிருபினும் ஐ.என்.ஆரும் சரியாக இருந்தால், வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். நேரத்தில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கல்லீரல் தானே மீள்கிறது. மருந்தால் செல்கள் சேதமாகி, காமாலையும் வந்துவிட்டால் 10 பேரில் ஒருவர் உயிருக்குப் போராடும் நிலைக்கோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலைக்கோ போகிறார். அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

இடையில் வேறு எதுவும் வேண்டாம். கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் அதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதியது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. அந்தப் பலனும் பின்னால் வந்த ஆய்வுகளில் உறுதியாகவில்லை. மூலிகைச் சாற்றால் அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு இன்னொரு மூலிகையை இப்போது கொடுக்கவே கூடாது. அரிப்புக்கும் தலைவலிக்கும் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், பாராசிட்டமால் உட்பட. குணமான பிறகு அந்தக் கேப்ஸ்யூலைச் சோதனைக்காகக்கூட மறுபடி தொடாதீர்கள், இரண்டாம் முறை தாக்கினால் முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கலாம்.

இன்றிரவே வாந்தி நிற்காமல் வந்தாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலோ, பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் முழித்துக்கொண்டு இடம் காலம் தெரியாமல் பேசினாலோ, காலை வரை காத்திருக்க வேண்டாம். கல்லீரல் பிரிவு இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு, அரசு மருத்துவக் கல்லூரியானாலும் சரி, உடனே போங்கள். பேச்சு மாறுவது உங்களுக்கே தெரியாது என்பதால், இந்தக் கடைசிப் பத்தியை உங்கள் கணவரைப் படிக்கச் சொல்லுங்கள்.