ஓசூரில் விளைந்த புக்ராஜ் பாலக்கோட்டில் ஏன் ஏமாற்றியது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளி விலை கைவிட்டதால் போன வருடம் அக்டோபர் முதல் வாரத்தில், தக்காளி எடுத்த நிலத்திலேயே குஃப்ரி புக்ராஜ் உருளைக்கிழங்கு நட்டேன். 75 நாளில் வரும் என்றார்கள். தழை நன்றாக வந்தது, கிழங்கோ கோலிக்குண்டு அளவுதான். ஓசூரில் சம்பந்தி வீட்டில் அதே விதை நல்ல மகசூல் கொடுத்தது. மழையும் வெயிலும் முறை தவறி வரும் இந்தக் காலத்தில் குறுகிய கால ரகம் எனக்கு ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும். ஆனால் நடவு நாளை நீங்கள் மாற்ற வேண்டும். விதையில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உருளைக்கு முக்கியம் ராத்திரிக் குளிர். பகலில் இலை சேர்க்கும் மாவுச்சத்து கிழங்குக்கு இறங்க வேண்டுமென்றால், இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் செடி சத்தைத் தழைக்கே செலவழிக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் அதைவிட 300 மீட்டருக்கும் மேல் தாழ்வு. இந்த வித்தியாசமே இரவில் ஏறத்தாழ 2 டிகிரி ஆகிவிடும். அதோடு வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடியிருந்தால் ராத்திரி சூடு இறங்காது, பகலில் வெளிச்சமும் குறையும். யூரியாவும் தாராளமாகப் போட்டிருந்தால் தழை மட்டும் ஏன் வளர்ந்தது என்று கேட்கவே வேண்டாம்.

குறுகிய கால ரகத்தின் பலமும் பலவீனமும் அதன் அவசரம்தான். 30, 35 நாளில் கிழங்கு பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பின்னால் வரும் வெயிலில் சிக்காது. ஆனால் கிழங்கு பிடிக்கும் அந்தச் சமயத்தில் பத்து நாள் புழுக்கமோ, பாரில் தண்ணீர் தேங்குவதோ வந்தால் இழந்ததை மீட்க அதற்கு நாள் இல்லை. நூறு நாள் ஓடும் குஃப்ரி ஜோதி கொஞ்சம் காத்திருந்து தேறிக்கொள்ளும்.

எனவே நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கிழங்கு பருக்கும் நாட்கள் டிசம்பர், ஜனவரிக் குளிரில் விழ வேண்டும். அப்படியானால் நவம்பர் 1-லிருந்து 15-க்குள் நடுவதுதான் சரி. டிசம்பர் கடைசிக்குத் தள்ளினால் மார்ச் வெயில் பிடித்துக்கொள்ளும். மண் சுட்டால் கிழங்கில் முண்டு விழும், சில நிலத்துக்குள்ளேயே முளைத்தும்விடும்.

2006-ல் வெளியான குஃப்ரி சூர்யா சூட்டைத் தாங்குவதற்கென்றே உருவான ரகம். இரவு 20 டிகிரியைத் தாண்டினாலும் கிழங்கு வைக்கும். உங்கள் ஊருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் பின்பருவ இலைக்கருகலை அது தாங்காது. மூடுபனியும் தூறலும் சேர்ந்து வந்தால், புள்ளி தெரியும்வரை காத்திராமல் முன்கூட்டியே மான்கோசெப் பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதை பிடிக்கும் பயிர் இது. முதல் வருடம் கால் ஏக்கரில் சூர்யா, பக்கத்திலேயே கால் ஏக்கரில் புக்ராஜ் என்று போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். தக்காளி எடுத்த நிலத்தில் உருளை வேண்டாம். பாக்டீரியா வாடல், இலைக்கருகல் இரண்டும் இரண்டு பயிருக்கும் பொது. செடி பச்சையாகவே வாடினால் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்தான், மருந்தில் மீளாது. ராகி எடுத்த கொல்லையாகப் பாருங்கள்.

விதைக்கிழங்கு 40, 50 கிராமில் முழுசாக இருக்கட்டும். வெட்டினால் கத்தியோடு நோயும் பரவும், ஈர மண்ணில் அழுகலும் வரும். குளிர்கிடங்கிலிருந்து எடுத்ததைப் பத்து நாளாவது நிழலில், வெளிச்சம் படும்படி பரப்பி, குட்டையாகக் கெட்டி முளை வந்தபிறகு நடுங்கள். இதில் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் 75 நாள் பயிருக்குப் பெரிது. நீலகிரிக் கிழங்கை விதைக்கு வாங்காதீர்கள். அங்குள்ள மண்ணில் 1961-லேயே வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது, கிழங்கோடு ஒட்டிவரும் மண்ணில் அதுவும் வந்துசேரும்.

அப்புறம் தண்ணீர். காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, தவறாமல் கொடுங்கள். முதல் மாதம் பாரின் மேல் வைக்கோல் மூடாக்குப் போட்டால் மண் சூடு குறையும். 25, 30 நாளில் அதை ஒதுக்கி மண் அணைத்துவிடுங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நீரை நிறுத்தினால் தோல் முற்றும், மண்டிக்குப் போகும்போது உரியாது.

விதைக்கு முன்பணம் கொடுக்கும் முன், இந்த அக்டோபரில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கொல்லையில் நிழலாகக் கட்டி, விடியற்காலை அளவைத் தினமும் எழுதி வாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் 20-க்குக் கீழே நின்றால் நடவுக்கு ஏர் பூட்டலாம்.