இரு மடங்கு எஞ்சின், எத்தனை மடங்கு வேகம்?

கேள்வி: ஏறக்குறைய தட்டையான அடிப்பகுதியும் 14 அடி நீளமும் கொண்ட என் ஃபைபர் படகில் 10 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) இருக்கிறது. நான் மட்டும் போனால் நன்றாக ஓடுகிறது. நான்கு பேர் ஏறினால் முழு விசையிலும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு திணறுகிறது. 20 குதிரைத்திறனுக்கு மாற்றினால் வேகம் இரு மடங்காகுமா?

பதில்: தனியாகப் போகும்போது ஆகாது, நான்கு பேரோடு போகும்போது இரு மடங்கையும் தாண்டக்கூடும். விந்தையாகத் தோன்றினாலும், காரணம் எஞ்சினில் இல்லை, நீரில் இருக்கிறது.

மெதுவாகச் செல்லும் படகு நீரை விலக்கிக்கொண்டு போகிறது. அப்போது அதுவே எழுப்பும் அலை அதற்கு வேலியாகிவிடுகிறது. நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், அந்த வேலி எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் எழும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். உங்கள் படகில் 13 அடி நீரில் படிகிறது என்று கொண்டால், அது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்தான். அதை நெருங்கும்போது கூடுதல் விசையெல்லாம் பெரும்பாலும் அலையைப் பெரிதாக்குவதிலேயே செலவாகிறது. தன் அலையின் மேட்டிலேயே ஏற முயல்வதால்தான் முன்பக்கம் தூக்குகிறது.

தட்டையான படகுக்குப் போதிய விசை கிடைத்தால் அந்த மேட்டைத் தாண்டி நீரின் மேல் சறுக்கத் தொடங்கும். மொத்த எடை குதிரைத்திறன் ஒன்றுக்கு 25 முதல் 30 கிலோவுக்குள் இருந்தால் இது நடக்கும் என்பது தோராயக் கணக்கு. படகு, எஞ்சின், எரிபொருள், நீங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றால் 10 குதிரைத்திறன் ஒருவாறு போதும். நால்வரோடு 510 கிலோ ஆகும்போது போதாது.

சறுக்கும் படகின் வேகத்தை மதிப்பிட கிரௌச் சூத்திரம் என்ற ஒன்று உண்டு. மொத்த எடையைப் பவுண்டில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால், சாதாரணச் சிறு படகுகளுக்குரிய 150 என்ற எண்ணை வகுத்தால், மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். இதன்படி நீங்கள் தனியாகப் போகையில் 10 குதிரைத்திறனில் சுமார் 30 கிலோமீட்டரும், 20இல் சுமார் 42 கிலோமீட்டரும் வரும். திறன் இரட்டித்தும் வேகம் ஏறக்குறைய 40 சதவீதம்தான் கூடுகிறது. நால்வரோடு போகையிலோ, இப்போது 10 கிலோமீட்டரைச் சற்றே தாண்டித் திணறும் படகு 20 குதிரைத்திறனில் 30 கிலோமீட்டரைத் தொடக்கூடும். ஆகவே நால்வரோடு அடிக்கடி போவதானால் மாற்றுவது தகும். தனியாகப் போவதற்காக மட்டும் என்றால் நான் மாற்றச் சொல்லமாட்டேன்.

வாங்கும் முன் படகில் பதித்துள்ள தகட்டைப் பாருங்கள். அதில் குறித்த அதிகபட்சக் குதிரைத்திறனை மீறினால் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை விரிசல் விடலாம், திருப்பத்தில் படகு கவிழலாம்.

கேள்வி: பெரிய எஞ்சின் மாட்டியும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்கிறார் நண்பர். ஏன்?

பதில்: முதலில் புரொப்பல்லரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்று சுற்றி, பல்சக்கரம் அதைப் பாதியாக்கினால் புரொப்பல்லர் 2750 முறை சுழலும். அதன் பிட்ச், அதாவது நழுவாமல் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், 10 அங்குலம் என்றால் மணிக்கு 42 கிலோமீட்டர் வரவேண்டும். நீரில் 15 சதவீதம் நழுவுவதாகக் கொண்டால் 36 மிஞ்சும். அதே சுற்றில் 8 அங்குல பிட்ச் கொண்ட புரொப்பல்லரால் அந்த வேகத்தை எட்டவே முடியாது. மாறாக பிட்ச் அதிகமானால் எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டாமல் திணறும். ஓர் அங்குல வித்தியாசத்துக்கே ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை மாறும். வழக்கமான சுமையோடு முழு விசையில் ஓட்டி, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சுற்றுமானி காட்டும் எண், தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்துள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.