மகன் சிங்கப்பூர் குடிமகன் ஆனால் என்னைச் சந்தேகப்படுவார்களா?

கேள்வி: பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெங்களூர் முருகேஷ்பாளையாவில் வசிக்கிறேன். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசி. இப்போது குடியுரிமைக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் வந்திருக்கிறது. அங்கே வெளிநாட்டு உளவு, வெளிநாட்டுத் தலையீடு என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆனால் அங்கே அவனை இரட்டை விசுவாசம் உள்ளவன் என்று நினைப்பார்களா? இங்கே என்னை ஒரு மாதிரி பார்ப்பார்களா? என் ஓய்வூதியத்துக்குச் சிக்கல் வருமா? இந்திராநகரில் ஒரு ஏஜென்ட், என்னைப் போன்றவர்கள் 'பாதுகாப்புத் தடையின்மைச் சான்று' வாங்க வேண்டும், 60 ஆயிரம் ஆகும் என்றார். 10 ஆயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். பின்குறிப்பு: மகனுக்கு லிங்க்ட்இன் வழியாக ஒரு ஆலோசனை நிறுவனம், இந்திய விமானத் துறை பற்றி மாதம் இரண்டு குறிப்புகள் எழுதித் தந்தால் நல்ல பணம் தருவதாகச் சொல்கிறது. என்னிடமும் சில விவரங்கள் கேட்கிறான். சொல்லலாமா?

பதில்: ஐயா, கவலைப்பட வேண்டாத மூன்று விஷயங்களை மேலே எழுதிவிட்டு, கவலைப்பட வேண்டிய ஒன்றைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டீர்கள். முதலில் மேலே இருப்பதை முடித்துவிடுகிறேன்.

மகன் வேறு நாட்டுக் குடிமகன் ஆவதால் உங்கள் ஓய்வூதியம் நிற்காது. அது நீங்கள் செய்த வேலைக்கான பணம். மகனின் பாஸ்போர்ட் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருப்பதற்காக ஓய்வு பெற்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் சட்டமும் இந்தியாவில் கிடையாது. அப்படி இருந்தால் பெங்களூரில் பாதிப் பெற்றோர் விசாரணைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து அந்தச் சான்று. மகனின் குடியுரிமைக்காக ஓய்வு பெற்ற அப்பா வாங்க வேண்டிய பாதுகாப்புத் தடையின்மைச் சான்று என்று ஒன்று இல்லவே இல்லை. சிங்கப்பூர் அரசும் கேட்காது, இந்திய அரசும் கேட்காது. உங்கள் பயத்துக்கு ஒரு பெயர் வைத்து விலை போட்டிருக்கிறார் அந்த மனிதர். இந்த ஊரில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. செய்தியில் 'உளவு' என்ற சொல் வந்த வாரமே இவர்களிடம் புதிதாக ஒரு சான்றிதழ் பிறந்துவிடும். கோபம் வருகிறது, ஆனால் ஆச்சரியம் இல்லை. குடியுரிமை விதிகளைச் சாதாரண மனிதனுக்குப் புரியும் மொழியில் எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை. தொலைபேசியில் கேட்டால் இணையதளத்தைப் பார் என்பார்கள், இணையதளத்தில் பார்த்தால் நேரில் வா என்று இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதே ஆட்கள் இன்னொரு யோசனையும் சொல்வார்கள். "இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் சார், யாருக்கும் தெரியாது." தயவுசெய்து இதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை அப்போதே போய்விடும். அதற்குப் பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது 1967 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பழைய குடியுரிமையைத் துறக்கிறேன், இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் குடிமகன் ஆக முடியும். விசுவாசம் பற்றி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று கவலைப்படும் நீங்கள், இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளும் யோசனைக்குத் தலையாட்டினால் அந்தச் சந்தேகத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

மகன் செய்ய வேண்டியது சுருக்கமானது. இந்தியப் பாஸ்போர்ட்டைச் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக ஒப்படைத்து, சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் இந்தியாவில் 15 ஆயிரம் ரூபாய், வெளிநாட்டில் 275 அமெரிக்க டாலர். ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அது குடியுரிமை அல்ல. அதனால் சிங்கப்பூர்க் குடிமக்கள் பலர் அதை வைத்திருக்கிறார்கள்.

சரி, சிங்கப்பூர் அவனை எப்படிப் பார்க்கும் என்பதற்கு வருவோம். சுமார் 60 லட்சம் பேர் வாழும் ஊர் அது. அதில் குடிமக்கள் 36 லட்சம் சொச்சம். சீன, மலாய், இந்திய வேர் உள்ளவர்கள். சுற்றிலும் பெரிய நாடுகள். அந்தப் பெரிய நாடுகள் 'நீ எங்கள் இனம்தானே' என்று குடிமக்களின் தோளில் கை போட்டுவிடக் கூடாது என்பது அவர்களின் உண்மையான பயம். அதில் நியாயம் இருக்கிறது. 2017-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் நிரந்தரவாசத்தை ரத்து செய்தார்கள். சீனாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகியிருந்த அவர், ஒரு வெளிநாட்டுக்காகச் செல்வாக்கு வேலை செய்தார் என்றார்கள். எந்த நாடு என்று அரசு சொல்லவில்லை. 2021 அக்டோபரில் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 2024-இல் ஹாங்காங்கில் பிறந்து குடியுரிமை பெற்ற ஒரு தொழிலதிபர், அந்தச் சட்டத்தின் கீழ் அரசியல் முக்கியத்துவம் உள்ளவர் என்று அறிவிக்கப்பட்டார். சிறை இல்லை. வெளிநாட்டுத் தொடர்புகளையும் பெரிய அரசியல் நன்கொடைகளையும் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றில் எதுவும் உங்கள் மகனைத் தொடாது. அம்மாவுக்குப் பணம் அனுப்புவது, பொங்கலுக்கு ஊருக்கு வருவது, இந்தியா கிரிக்கெட்டில் ஜெயித்தால் கத்துவது, இவை தலையீடு அல்ல. ஒரு வெளிநாட்டு ஆள் சொல்லி, அதை மறைத்து, சிங்கப்பூர் அரசியலில் வேலை பார்த்தால்தான் இந்தச் சட்டம் அவனைத் தேடி வரும். இணையத்தில் இந்தியர்களுக்கு எதிராக எழுதப்படும் கோபம் வேறு சங்கதி. அது பெரும்பாலும் 2005-இல் இரு நாடுகளும் செய்த பொருளாதார ஒப்பந்தத்தையும் வேலைவாய்ப்பையும் பற்றியது. கேட்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதை உளவுச் சந்தேகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விசுவாசத்துக்கு அந்த நாடு கேட்கும் விலையும் தெளிவானது: உங்களுக்குப் பேரன் இருந்தால் 18 வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவை. இதைப் பற்றி வீட்டில் இப்போதே பேசுங்கள்.

இனி அந்தப் பின்குறிப்பு.

டிக்சன் இயோ என்ற பெயரை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவர் எங்கிருந்தோ வந்து குடியேறியவர் அல்ல, சிங்கப்பூர்க் குடிமகன், ஆய்வு மாணவர். 2015-இல் பெய்ஜிங்கில் ஒரு உரையாற்றப் போனார். ஆராய்ச்சி அமைப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் வந்து, தென்கிழக்காசிய அரசியல் பற்றி அறிக்கை எழுதிக் கொடுங்கள், பணம் தருகிறோம் என்றார்கள். ஆரம்பம் அவ்வளவு சாது. பிறகு கேள்விகள் அமெரிக்கா பக்கம் திரும்பின. 2018-இல் அவர் ஒரு போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் போட்டார். 400-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலானவை அமெரிக்க ராணுவத்திலும் அரசிலும் ரகசிய அனுமதி பெற்ற பணியாளர்களுடையவை. யாருக்குக் கடன் இருக்கிறது, யாருக்கு வேலையில் மனக்கசப்பு என்று பார்த்து அவர்களிடம் அறிக்கை கேட்டார். ராணுவ அதிகாரி ஒருவர் ஆப்கானிஸ்தான் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்து 2,000 டாலர் வாங்கினார். சீன உளவுத் துறைக்காக இப்படி வேலை பார்த்த குற்றத்தை 2020 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றத்தில் இயோ ஒப்புக்கொண்டார். 14 மாதச் சிறை. ஊர் திரும்பியதும் சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைத்தார்கள்.

உங்கள் மகனுக்கு வந்த செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலோசனை நிறுவனம், சிறு குறிப்பு, எழுதும் வேலைக்குப் பொருந்தாத பணம், அப்பா பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் இருந்தவர். அவர்களுக்கு வேண்டியது மகனின் எழுத்துத் திறமையா, உங்கள் ஞாபகமா? எனக்குச் சந்தேகமே இல்லை. இது யாரோ ஒரு நேர்மையான நிறுவனமாகவும் இருக்கலாமே என்று அவன் சொல்வான். இருந்துவிட்டுப் போகட்டும். தங்கள் வாடிக்கையாளர் யார் என்று எழுத்தில் சொல்லாத நிறுவனத்துக்கு விமானத் துறை பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

"எல்லாம் பத்திரிகையில் வந்த விஷயம்தானே, அதைச் சொன்னால் என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். பொதுவாக, செய்தியில் வந்ததைப் பேசுவது குற்றமில்லை. உங்களுக்கு இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1923 அரசு ரகசியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பதவியில் இருப்பவரை மட்டும் பிடிப்பதல்ல. பதவியில் இருந்தவரையும், அரசு ஒப்பந்தம் வைத்திருந்தவரையும், அப்படிப்பட்டவரிடம் வேலை செய்தவரையும் பிடிக்கும். ஓய்வு பெற்ற நாளோடு அது முடியவில்லை. இப்போது யோசியுங்கள். பத்திரிகையில் ஒரு இயந்திரம் பற்றி மூன்று விதமாக வதந்தி வருகிறது. மகன் கேட்கிறான், நீங்கள் "இரண்டாவதுதான் சரி" என்கிறீர்கள். அச்சில் வந்ததைத்தானே சொன்னேன் என்று நினைப்பீர்கள். ஆனால் எது உண்மை என்று உறுதி செய்தது நீங்கள், அது உங்கள் வேலையால் உங்களுக்குத் தெரிந்தது. கேட்டவனுக்கு அந்த உறுதிதான் சரக்கு. அதனால் தேதி, எண்ணிக்கை, எந்தப் பாகம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சோதனை தள்ளிப்போனது, உங்களுடன் வேலை பார்த்தவர் இப்போது எங்கே இருக்கிறார், இவை எதையும் சொல்லாதீர்கள். மகனிடமும் சொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையிலும் சொல்லாதீர்கள்.

5-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. உளவு என்று 3-ஆம் பிரிவில் போட்டு, அது பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டதாகவும் இருந்தால் 14 ஆண்டு வரை. 4-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. வெளிநாட்டு ஏஜென்டின் பெயரோ முகவரியோ உங்களிடம் இருந்தாலே அவரோடு தொடர்பு வைத்திருந்ததாக எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. எது ரகசியம் என்று ஒழுங்காக வரையறுக்காமலேயே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது செய்தார்கள். மாலத்தீவுப் பெண்கள் இருவர், பெங்களூர்க்காரர்கள் இருவர் என்று கதை விரிந்தது. 1996-இல் சிபிஐ வழக்கில் ஒன்றுமில்லை என்றது. 1998-இல் உச்ச நீதிமன்றம் விசாரணையை மறுபடி தொடங்கும் முயற்சியை ரத்து செய்தது. அவருக்கு 50 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். கைதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 24 ஆண்டு. அவர் எந்த ரகசியத்தையும் விற்கவில்லை. ஒன்றும் செய்யாதவருக்கே அந்த நிலை வந்த அமைப்பில், தெரியாத நிறுவனத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு குறிப்பு எழுதிய குடும்பத்தின் விளக்கத்தை யார் பொறுமையாகக் கேட்பார்கள்? நான் பயமுறுத்தவில்லை. மனம் சுத்தமாக இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள் என்கிறேன்.

மகன் அந்த நிறுவனத்துக்கு ஒரே வரியில் 'விருப்பமில்லை' என்று எழுதட்டும். வாதம் வேண்டாம், 'நீங்கள் யார்' என்று அவர்களைத் துருவவும் வேண்டாம். வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். பணம் ஏதும் ஏற்கெனவே வந்திருந்தால் அதைத் தொடாமல் சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அங்குள்ள உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் தானே போய்ச் சொல்வது நல்லது. நீங்களும் பழைய நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராது. ரசீதுதான் முக்கியம்.

ஏஜென்டிடம் கொடுத்த 10 ஆயிரத்துக்கு, எந்தச் சட்டத்தின் எந்த விதிப்படி இந்தச் சான்று தேவை என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார். பணத்தைத் திருப்பித் தர ஒரு வாரம் கொடுங்கள். தராவிட்டால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவோடு உங்கள் பகுதி காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுங்கள். மீதி 50 ஆயிரத்தை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.