தூண்டில் வளைவு கேக்குறதுக்கு முன்னாடி உங்க வடக்கு ஊரையும் யோசிங்க

மரக்காணம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "2024 ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் கடல் ரொம்ப உள்ள வந்துடுச்சு சார், பைபர் போட்டை ஏத்தி வைக்க இடமில்ல, வலை உலர்த்த ரோட்டுக்குத்தான் வரோம். தூண்டில் வளைவு கேட்டு கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு ஊர்ல பேசுறாங்க, குடுக்கலாமா?"

மனு கண்டிப்பா குடுங்க தம்பி, ஆனா அதுல தூண்டில் வளைவுதான், அதாவது கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிக் கொட்டுற கல்லுத் தடுப்புதான் வேணும்னு எழுதிடாதீங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம கிழக்குக் கரையில மண்ணு ஒரு இடத்துல நிக்காது. வாடைக் காத்து மாசங்கள்ல தெக்க போகும், மத்த மாசமெல்லாம் தென்பக்கத்துல இருந்து வர்ற அலை அதை வடக்கத் தள்ளும், வருஷக் கணக்குல பாத்தா வடக்க போறதுதான் அதிகம். நடுவுல கல்லைக் கொட்டி மறிச்சீங்கன்னா, கடலைப் பாத்து நின்னா வலது கைப் பக்கம் மண்ணு சேரும், இடது கைப் பக்கம் அரிக்கும். மெட்ராஸ் துறைமுகம் கட்டினப்புறம் தெக்க மெரினா அகலமாச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கடல் தின்னுச்சு. புதுச்சேரியில 1989ல துறைமுகத்துக்கு கல்லு போட்டாங்க, கொஞ்ச வருஷத்துலயே ஊர் பீச் காணாம போச்சு, அதைத் தடுக்க கரையோரமா பாறை கொட்டினதும் அரிப்பு இன்னும் வடக்க இருக்குற குப்பங்களுக்கு நகர்ந்துடுச்சு. அங்க ஒரு ஊர்ல நான் பாத்த வீடு, பாதி சுவர் கடலுக்குள்ள, மீதி சுவர்ல ஸ்விட்ச் போர்டும் சாமி படம் மாட்டின ஆணியும் அப்படியே இருக்கு. மனசு கேக்கல.

இப்போ கடல் மட்டமும் ஏறிட்டு வருது, அதனால மண்ணு குறைஞ்ச கரைக்கு ஒவ்வொரு புயலும் முன்னைவிட பலமா அடிக்கும். கல்லுக் கரையில போட் ஏத்தவும் முடியாது, கரைவலை இழுக்கவும் முடியாது, அதையும் பெரியவங்ககிட்ட பேசுங்க.

அப்போ என்ன கேக்குறது? அதே புதுச்சேரியில 2018ல என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆளுங்க தண்ணிக்குள்ள ஆப்பு வடிவத்துல இரும்புத் திட்டு ஒண்ணு இறக்கினாங்க, அலை வேகம் அதுல உடையுது, துறைமுகத்துல தூர்வாரின மண்ணையும் கரைக்குக் கொண்டு வந்தாங்க, பீச் திரும்ப வந்துச்சு. இந்த மாதிரி ஏற்பாடு எங்க ஊருக்கு ஒத்து வருமான்னு ஆய்வு பண்ணுங்க, தெக்க தேங்கின மண்ணை வடக்க கொண்டு வந்து போடுங்கன்னு கேளுங்க. காசு அதிகம், லேட்டும் ஆகும், இருந்தாலும் கேளுங்க.

அதுவரைக்கும் உங்க கையில இருக்குற வேலை, மணல் மேட்டைக் காப்பாத்துறது. அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடுதான் புயலுக்கு முதல் தடுப்பு, அதை ஜேசிபி வச்சு சமப்படுத்த யாரையும் விடாதீங்க.

அப்புறம் இன்னிக்கே ஒண்ணு ஆரம்பிங்க. கோயில் சுவர் மாதிரி நகராத ஒரு இடத்துல பெயிண்ட்ல குறி போட்டு, ஒவ்வொரு அமாவாசைக்கும் தண்ணி அதிகமா ஏறி நிக்குற நேரத்துல அங்கிருந்து அலை தொடுற இடம் வரைக்கும் டேப்பு வச்சு அளந்து, தேதி போட்டு நோட்டுல எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்க. வாடைக்கு எவ்வளவு போச்சு, அப்புறம் எவ்வளவு திரும்ப வந்துச்சுன்னு ஒரு வருஷத்துல தெரிஞ்சிடும். மனுவோட அந்த நோட்டு ஜெராக்ஸையும் வையுங்க, வடக்கு ஊர் பஞ்சாயத்துலயும் கையெழுத்து வாங்கிட்டுப் போங்க.