பாரிஸில் வாங்கிய கைப்பைக்கு சூரிக்கில் வரி திரும்பக் கிடைக்குமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: மனைவி, அம்மாவுடன் பாரிஸில் நான்கு நாள். பிறகு ரயிலில் சுவிட்சர்லாந்து. சூரிக்கில் விமானம் ஏறி ஊர் திரும்புகிறோம். பாரிஸில் வாங்கும் பொருளுக்கான வரியை சூரிக் விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம் என்கிறார் ஏஜென்ட். சரியா? மியூசியம் டிக்கெட்டையும் அவரே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

சரியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே எடுத்துப் போகும் பொருளுக்குத்தான் வரி திரும்பும்; வெளியேறும் இடத்துச் சுங்கம், கடை தரும் வரித் திருப்பப் பாரத்தில் (படிவத்தில்) முத்திரை வைக்க வேண்டும். பிரான்ஸில் வாங்கிய பொருளின் பாரத்துக்கு சூரிக்கில் முத்திரை வைக்க மாட்டார்கள். ஒரே விசாவில் போய்வரும் நாடுகளின் குழுவான ஷெங்கனில் சுவிட்சர்லாந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. விசா ஒன்றுதான் என்பதால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுங்கத்துறைக்கு விசா கணக்கில்லை. உங்கள் ரயில் எல்லையைத் தாண்டியதுமே பொருள் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது. அதற்குள் பிரெஞ்சு சுங்கத்தில் வேலை முடிந்திருக்க வேண்டும். இதே பயணம் பாரிஸ், ரோம் என்று இருந்து, ரோமில் விமானம் ஏறினால் முத்திரை ரோமில்தான். லண்டனுக்கு ரயில் ஏறுகிறவர்கள் பாரிஸிலேயே முடிக்க வேண்டும். பிரிட்டனும் இப்போது வெளியேதான்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சுவிட்சர்லாந்து, கடைசியில் பாரிஸ். எடுத்துவிட்டீர்கள் என்றால், கடையில் பாரம் போடும்போதே ரயில் விவரத்தைச் சொல்லி, எந்தச் சுங்க அலுவலகம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரே கடையில், ஒருவர் பெயரில், 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பில்லையும் மனைவியின் பில்லையும் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஓஸ்மான் சாலையில் உள்ள கேலரி லாஃபாயெத் மாதிரிப் பெரிய கடை வசதி; பல பிராண்டுகளை ஒரே பாரத்தில் சேர்த்துவிடலாம்.

பாரிஸில் விமானம் ஏறுகிறவர்கள், பெட்டியை ஒப்படைக்கும் முன் விமான நிலையத்தில் 'பாப்லோ' இயந்திரத்தில் பாரத்தின் பார்கோடைக் காட்ட வேண்டும். பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பொருளோடு சுங்கக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். அதனால்தான் பெட்டியை முதலில் கொடுத்துவிடக் கூடாது.

வரி 20 சதவீதம் என்பதால் அவ்வளவும் வரும் என்று நினைக்காதீர்கள். வரியும் சேர்த்து 600 யூரோ விலையுள்ள பையில் வரி 100 யூரோ. உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் 70 யூரோ சொச்சம். மீதி, வரியைத் திருப்பித் தரும் இடைத்தரகு நிறுவனத்துக்கு. அரசு விட்டுக்கொடுத்த வரியில் இவ்வளவு பெரிய பங்கை இவர்கள் எடுத்துக்கொள்வது எனக்கு இன்றுவரை ஆத்திரமூட்டுகிறது.

அடுத்த பொறி, பாரிஸ் ஊருக்குள்ளேயே வரியை ரொக்கமாகத் திருப்பித் தரும் கவுன்ட்டர். பணம் உடனே கிடைக்கும், ஆனால் உங்கள் கார்டு எண்ணை வாங்கி வைப்பார்கள். முத்திரை விழாவிட்டால் கொடுத்ததை அபராதத்தோடு பிடித்துவிடுவார்கள். உங்கள் பயணத்தில் இதைத் தொடவே வேண்டாம். "பாரத்தை என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்த வழிகாட்டி சொன்னாலும் கொடுக்காதீர்கள். அப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டு நான் ஆறு மாதம் காத்திருந்தேன். பணம் வரவே இல்லை.

கார்டு இயந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள்.

மியூசியத்துக்கும் ஏஜென்ட் வேண்டாம். லூவர் டிக்கெட்டை அதன் சொந்த இணையதளத்திலேயே நேரம் குறித்து எடுங்கள். 2026 ஜனவரி முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு 32 யூரோ. அதற்கு மேல் கேட்பவர் தன் கமிஷனைக் கேட்கிறார். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விற்பதையும் நம்பாதீர்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே மியூசியத்துக்குத் திங்கள்.

அம்மாவுக்கு லூவர் நடை அதிகம் என்றால் துய்லெரி பூங்காவின் மறுகோடியில் உள்ள ஒராஞ்சரி மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள். ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளம் இரண்டு நீள்வட்ட அறைகளின் சுவர் முழுக்க விரிந்திருக்கும், நடுவில் உட்காரலாம். இதற்கும் செவ்வாய் விடுமுறை. வெளியே பூங்காவில் குளத்தைச் சுற்றிப் பச்சை இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கும். காசு கிடையாது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது யாராவது கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் உங்கள் பையில் கை விடுவார். பை மடியில் இருக்கட்டும்.